மலையும் கல்லும் மனுஷரும்: ஆய்வுக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு

தம்பிகளே, தங்கச்சிகளே,

ஆளுக்கொரு துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறீர்கள். ஒருவர் விலங்கியல், ஒருவர் வரலாறு, இன்னொருவர் இயற்பியல், புவியமைப்பியலுக்கும் ஒருவர் இருக்கிறார். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வரலாற்று வாத்தியார்களோடு டீக்கடை பெஞ்சில் வாதாடியே பாதி வரலாறு தெரிந்துகொண்டவன். கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். வரிசை முன்னே பின்னே இருக்கும்.

1. "எங்க ஊர்ல ஆராய என்ன சார் இருக்கு?" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். தேனியில் பஸ் ஏறிக் கூடலூரில் இறங்குங்கள். இடது கைப்பக்கம் மேகமலை, வலது கைப்பக்கம் ஏலமலை. நடுவில் சின்னமனூர். அங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில் பெரியது, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அரச குலத்தின் பெருமையாகச் சொல்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள், வட்டெழுத்தும் இருக்கிறது. கூடலூரைத் தாண்டினால் லோயர் கேம்ப், அதற்கு மேலே பெரியாறு. இத்தனையும் ஒரு பஸ் டிக்கெட்டுக்குள் அடங்கும். ஆராய ஆள்தான் பற்றாக்குறை.

2. பெயர்ச்சீட்டில் எழுதியிருப்பதை நம்பி நகராதீர்கள்.

மேகமலையை வெள்ளைக்காரர்கள் ஹை வேவி மலை என்றார்கள். ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் 1948இல் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்புக்குப் போனது. எங்கும் சாதாரணமாகக் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். 24 வருடம் அது அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். வெளியே தெரிகிற வால் இல்லை. முன்பற்களின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. புது இனம் மட்டுமா? புதுப் பேரினமே அது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். உயிரோடு அதை மறுபடி பிடித்தது 1993இல்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. மும்பையில் சீட்டு எழுதியவர் அறிவிலி இல்லை. பெரும்பாலான வௌவால்கள் அந்தச் சாதாரண இனமாகவே இருக்கும்போது, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று கை தானாக எழுதிவிடும். அடுத்தது, கிட்டி இதற்காக மேகமலை ஏறவில்லை. பெட்டியைத் திறந்து பற்களை எண்ணினார், அவ்வளவுதான். புதிதாக எதையாவது பிடித்துக்கொண்டு வந்தால்தான் ஆய்வு என்று உங்களில் பாதிப்பேர் நினைக்கிறீர்கள். அருங்காட்சியகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போய் ஒரு மாதம் உட்காருங்கள். வரலாற்று மாணவருக்கும் இதே பேச்சுதான். ஒரு கல்வெட்டின் அச்சுப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதாதீர்கள். மைப்படியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், முடிந்தால் கல்லையே போய்ப் பாருங்கள்.

3. "இல்லை" என்று எழுதுமுன் பேனாவைக் கீழே வையுங்கள். அதே ஹட்டன் அதே மலையில் பிடித்த இரண்டு சின்ன விரியன் பாம்புகளை வைத்து மால்கம் ஸ்மித் 1949இல் ஒரு புது இனத்தை விவரித்தார். ஹட்டன் குழிவிரியன். அந்த இரண்டுக்குப் பிறகு மூன்றாவது ஒன்று யாருக்கும் அகப்படவில்லை. அழிந்துபோனதா, மரத்தின் உச்சியில் இருக்கிறதா, சரியான மாதத்தில் சரியான சோலைக்குள் யாரும் போகவில்லையா? மூன்றுக்கும் இடமிருக்கிறது. "கிடைக்கவில்லை" என்று எழுதலாம். எங்கே, எத்தனை இரவு, எந்த மாதம் தேடினோம் என்பதையும் சேர்த்து எழுதினால் அந்தச் சொல்லுக்கே ஒரு மதிப்பு வரும்.

4. நடங்கள்.

கீழடி என்றால் இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்த நடை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு 2013–14இல் தேனி மாவட்டத்தில் தொடங்கி ராமநாதபுரம் வரை வைகையின் இரு கரைகளையும் ஆய்ந்து, 293 தொல்லியல் இடங்களைக் கணக்கெடுத்தது. அதிலிருந்து பொறுக்கி எடுத்த இடம்தான் கீழடி. மிச்சம் இருப்பவற்றில் பல நம் வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் இருக்கின்றன. கரிசலை உழும்போது கறுப்பு-சிவப்புப் பானையோடு வருகிறதே, அதுதான்.

பேராசிரியர் சி. கோவிந்தராசனாரும் இப்படி ஒரு நடை நடந்தார். சிலப்பதிகாரம் சொல்லும் வழியைப் பிடித்துப் பூம்புகாரிலிருந்து புறப்பட்டு, ஊர் ஊராய் இடங்களைப் பொருத்திப் பார்த்து, 1963இல் கூடலூருக்கு மேலே மலையில் இருக்கும் இடிந்த கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். அவர் முடிவை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதாக இருந்தால் நீங்களும் அந்த வழியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து மறுப்பது எனக்குப் பிடிக்காது.

5. கேள்வி எல்லாத் துறைக்கும் பொது. சான்று அப்படிப் பொதுவாக இருக்காது. எந்தத் துறையிலிருந்து சான்றை எடுக்கிறீர்களோ, அந்தத் துறையின் கட்டுப்பாட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை 2018இல் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டுகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிக்கு கி.மு. 580 வாக்கில் என்று காலம் வந்தது. அந்த ஆய்வகம் சொன்னது கரியின் காலத்தை. அந்த மரம் எப்போது உயிரோடு இருந்தது என்பதைத்தான் இயற்பியல் சொல்லும். அந்தக் கரிக்குப் பக்கத்தில் கிடந்த பானையும் அதே காலம்தானா, எலி வளையோ பழைய குழியோ மண்ணைக் கலக்கியதா என்பதைச் சொல்ல வேண்டியது, குழிக்குள் இறங்கி மண்ணடுக்கைப் படித்தவர். இந்த இரண்டு வேலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் சண்டை நடக்கிறது.

இப்போது புலிமான்கோம்பைக்கு வருவோம். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரை ஊர். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜனின் குழு அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டது. கண்டவர்கள் ஆய்வு மாணவர்கள், உங்கள் வயசுக்காரர்கள். ஆநிரை கவரும் பூசலில் செத்த ஒருவனுக்கு நட்ட கல் அதில் ஒன்று. வெட்சித் திணை என்று வகுப்பில் படித்தோமே, அந்தப் பூசலுக்குக் கல்லிலேயே ஆதாரம் கிடைத்தபோது தமிழாசிரியர்கள் ஆடிப்போனார்கள். ஆனால் கல்லைக் கரிமக் கணக்குக்கு அனுப்ப முடியாது. கல்லில் கரி ஏது? கி.மு. காலத்தது என்று சொல்வது எழுத்தின் வடிவத்தை வைத்து. எழுத்தமைதியைப் படித்தவர்களுக்குள் ஒரு நூற்றாண்டு முன்னே பின்னே வாதம் இருப்பது இயல்பு. கரிமக் கணக்கில் வரும் பிழை வரம்பு வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே மாதிரி எண்ணாகப் போட்டுவிடாதீர்கள்.

அந்தக் கல் பூசல் நடந்த இடமாகக் கூடலூரைச் சொல்கிறது. உடனே நமக்கு நம் கூடலூர் ஞாபகம் வருகிறது, எனக்கும் வந்தது. தூரமும் மாடு ஓட்டுகிற தூரம்தான். ஆனாலும் தமிழ்நாட்டில் கூடலூர்கள் பல. நம்முடையதுதான் என்று நிறுவ வேண்டுமானால் வேறு சான்று வேண்டும். ஊர்ப்பாசத்தைச் சான்றுப் பட்டியலில் சேர்க்க முடியாது.

6. ஆட்களிடம் போகும்போது, உங்களுக்கு முன்னால் யார் போனார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து மக்களை லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1949–50இல் வந்து ஆராய்ந்து 1957இல் பெரிய நூல் எழுதினார். கம்பம் பள்ளத்தாக்கையே களமாக வைத்து ஆனந்த் பாண்டியன் 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சாதியார் விவசாயிகளாக நடக்கிற, நினைக்கிற விதம் அதில் வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். எம். பிச்சப்பன் அந்தப் பகுதி மக்களின் ரத்த மாதிரிகளைப் படித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிக் கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை போன பழைய கூட்டத்தின் அடையாளமான எம்130 என்ற டிஎன்ஏ குறி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கிடைத்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த ஊர்களுக்கு ரிஜிஸ்தருடனும் மைத்தட்டுடனும் போனது போலீஸ். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஆண்களின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிந்தார்கள், ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல். இன்னும் வீடுகளில் அந்தக் கதை சொல்லப்படுகிறது. இந்தச் சூழலில் ஒரு உயிரியல் மாணவி ஊசியோடும் படிவத்தோடும் வாசலில் நின்று "கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா ரேகை வைங்க" என்றால், எதிரே இருக்கும் பெரியவருக்கு என்ன ஞாபகம் வரும்? ஒப்புதல் படிவத்தை நிரப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் உயிரியல்காரர்களுக்கு வரலாறு தேவைப்படும் இடம் இது. அதேபோல எம்130ஐப் பிடித்துக்கொண்டு "நாங்கள்தான் ஆதிகுடி" என்று போஸ்டர் அடிக்கிறவருக்குப் பதில் சொல்ல வரலாற்று மாணவருக்கு மரபணுவியல் தெரிய வேண்டும். அந்தக் குறி தகப்பன் வழியில் மட்டும் வருகிற ஒரே ஒரு இழை. ஒரு மனுஷனுக்குப் பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னோர் உண்டு. அதில் ஒருவரைப் பற்றி மட்டும்தான் அது பேசுகிறது. சாதிக்குப் பட்டா எழுதித் தராது.

மலையில் வாழும் பளியர் குடிகளுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் சொல்லும் மூலிகையை உங்கள் கட்டுரையில் போடுமுன், போடலாமா என்று கேளுங்கள். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

7. பொட்டிப்புரத்தை மறக்காதீர்கள். நியூட்ரினோ ஆய்வகம் முதலில் நீலகிரியில் சிங்காராவுக்கு என்று நினைத்தார்கள். புலிக் காட்டுக்குப் பக்கம் என்று 2009இல் மறுக்கப்பட்டதும் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்துக்கு வந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவி, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், மதிகெட்டான் சோலை பக்கத்தில் இருப்பதால் வனவிலங்கு வாரியத்தின் அனுமதி என்று நீண்டு, 2022இல் தமிழக அரசு அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

பாறை எதற்கு? வானிலிருந்து மழைபோல விழும் மியூவான்களை வடிகட்டத்தான். நியூட்ரினோ பாறையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை 1965இலேயே பதிவு செய்திருக்கிறோம். போடி மலையின் பாறை சார்னோக்கைட். அந்தப் பெயரின் கதை உங்களுக்குப் பிடிக்கும். கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறையில் இருக்கும் கல், பல்லாவரம் பக்கத்துப் பாறையைப் போன்றது என்று கண்ட ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். செத்த வியாபாரி ஒருவர் நம் மலைப் பாறையின் பெயரில் உட்கார்ந்திருக்கிறார்.

என் கருத்தைக் கேட்டால் இரண்டு பக்கமும் தவறு செய்தது. நியூட்ரினோவால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று இயற்பியலாளர்கள் சொன்னது உண்மை. ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாக நம்மைத் துளைத்துப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சம்சாரி கேட்டது அதுவல்ல. பாறைக்கு வெடி வைத்தால் என் கிணற்று ஊற்று என்னாகும், கல்லை எங்கே கொட்டுவீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டார். அதற்கு நீரியல்காரரும் பாறைப் பொறியியலாளரும் பதில் சொல்ல வேண்டும். துகள் இயற்பியலாளர் தன் சான்றை வைத்து அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொன்னார், நம்பிக்கை போயிற்று. எதிர்ப்பாளர்களும் தண்ணீர், காடு என்ற வலுவான கேள்விகளை விட்டுவிட்டு, கதிர்வீச்சு, அணுகுண்டு என்று ஆதாரமில்லாத பயத்தைக் கிளப்பினார்கள். நல்ல கேள்வி கூச்சலில் அமுங்கியது. இயற்பியல் படிக்கும் தம்பி, உன் ஆய்வை உன் அம்மாவின் தெருவில் தமிழில் சொல்லிப் பழகு. கடைசி வருடம் வரை தள்ளிப்போடாதே.

8. ஊர் கும்பிடுகிறதையும் விசாரியுங்கள், மரியாதையோடு. ஜான் பென்னிகுக் படம் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. ஜனவரி 15 அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்பில் மணிமண்டபமும் இருக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணையால் மறித்து, மலையைக் குடைந்து 1895இல் கிழக்கே திருப்பியவர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார்" என்ற கதைக்கு ஆவணம் எது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். சென்னை அரசின் பொதுப்பணித் துறைக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவரைப் பற்றித் தேடும்போது, அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகளின் பெயர்களையும் தேடுங்கள். சொத்தை விற்ற கதை ஏன் பிறந்தது என்பது, ஆவணம் எது என்பதைவிட நல்ல கேள்வி. தண்ணீர் வந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு என்ன உணர்ந்தது என்பதற்கு அந்தக் கதையே சான்று. வேறு எதற்கும் அது சான்றாகாது.

பன்னீர் திராட்சைக்கும் இதே கதை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அதை முதலில் எழுதியது யார்? முதல் வருடத்துக்கு இது நல்ல பயிற்சி.

9. மேகமலைப் பனியில் மைப்பேனா எழுத்து அழியும். பென்சில் கொண்டு போங்கள்.

10. மாசி, பங்குனி வெயிலில் புல்மலை ஏறாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததைப் படித்திருப்பீர்கள். அனுமதி இல்லாமல், வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் போகும் எந்தக் களப்பணியையும் நான் ஆய்வு என்று ஏற்க மாட்டேன்.

11. சலிப்பான பதிவேடுகளை மதியுங்கள். நமக்கு மேலே கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் வந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது அங்கேதான். அது ஒரு நாள் புகழ். அதைவிடப் பெரிது, நூறு வருடத்துக்கும் மேலாக வெயில் அடித்த நாளெல்லாம் யாரோ ஒருவர் சூரியனைப் படமெடுத்து வைத்தது. இன்றைக்கு உலகத்தில் சூரியனின் நீண்ட கால மாற்றத்தைப் படிக்கிறவர்கள் அந்தத் தட்டுகளைத்தான் தேடி வருகிறார்கள். நம் பக்கம் தேயிலை, ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸ்களில் மழைக்கணக்குப் புத்தகம் வைத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவமழை குமுளியைத் தாண்டியதும் எப்படிச் சட்டென்று மெலிகிறது என்பதை இந்தப் புத்தகங்களையும் கம்பத்து மழைமானியையும் ஒப்பிட்டு ஒருவர் எழுதலாம். எஸ்டேட் கைமாறும்போது பழைய புத்தகம் எடைக்குப் போய்விடும். அதற்கு முன்னால் போய்ப் படமெடுத்து வையுங்கள்.

12. தலைப்பு கிடைக்காதவர்களுக்குச் சில: சாலிம் அலி வௌவால் பகலில் தங்கும் குகைகள், அதற்குத் தீனியாகும் பழமரங்கள். வைகைக் கரையின் பட்டியலில் உள்ள இடங்களில் எத்தனை இன்னும் உழப்படாமல் இருக்கின்றன. பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு மலேரியா கூடியதா, குறைந்ததா என்று பழைய சுகாதார அறிக்கைகளிலிருந்து. கடைசித் தலைப்புக்கு ஒரு வரலாற்று மாணவரும் ஒரு விலங்கியல் மாணவரும் சேர்ந்து உட்கார வேண்டும், கொசு தெரியாமல் அந்த அறிக்கையைப் படிக்க முடியாது. வௌவாலை எடுக்கிறவர் வனத்துறைக்கு விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். புலிகள் காப்பகம் என்பதால் அனுமதி வர மாதக்கணக்காகும்.